நாள்தோறும் நாம் உடுப்பன

(நம் சங்கத்துக் குடும்பங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று எமக்குப் பணிக்கப்பட்ட பொருள், நாம் நாள்தோறும் உடுப்பது யாது, அதனை ஏன் உடுக்கின்றோம் என்பதாகும். கல்வி, வேலை, திருமண ஏற்பாடு முதலிய பெரும்பொருள்களை ஆராயும் இவ்வவையில் வேட்டியையும் சேலையையும் பற்றிப் பேச ஒருவர் வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். உணவை நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை உண்கின்றோம்; உடையையோ இரவும் பகலும் உடம்போடு கொண்டிருக்கின்றோம். அத்துணை நெருங்கிய பொருளைப் பற்றி நாம் நின்று நினைப்பதில்லை. காலையில் எழுந்து, கொடியில் கிடப்பதை எடுத்து உடுத்துக்கொண்டு, தத்தம் வேலைக்குப் போய்விடுகின்றோம். எண்ணாமல் செய்யும் செயல்களிலேதான் ஒரு சமூகத்தின் உள்ளக்கிடக்கை பெரிதும் வெளிப்படும். ஆதலின் இப்பொருள் சிறிதன்று என்பது எம் கருத்து.

தமிழ் கற்பித்தலையே தொழிலாக உடையோம் ஆதலின், சொல்லிலிருந்து தொடங்குவோம். துணி என்னும் பெயர் துணித்தல், அஃதாவது வெட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. பண்டைத் தமிழர் ஆடையை அறுவை என்றும் வழங்கினர். அதுவும் அறுத்தல் பற்றி வந்த பெயரே. மதுரையில் துணி விற்ற புலவர் ஒருவர் அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றே சங்கத் தொகைநூல்களில் பெயர் பெற்றிருக்கின்றார். கலிங்க நாட்டிலிருந்து வந்த துணிக்குக் கலிங்கம் என்றே பெயராயிற்று. தைத்த சட்டை அணிந்த யவன வீரரைப் பாடிய முல்லைப்பாட்டு, அச்சட்டையை மெய்ப்பை என்கின்றது. உடம்பை இட்டு வைக்கும் பை என்பது பொருள். அந்நாளில் அயல்நாட்டார் உடையாக வியந்து நோக்கப்பட்ட அம்மெய்ப்பையே இந்நாளில் நம் வீட்டுக் கொடிகள்தோறும் தொங்குகின்றது. ஆகவே, 'இதுவே நம் உடை; ஆதிமுதல் இதுவே' என்று எந்தத் துணியைப் பற்றியும் எவரும் வாதிடுதல் இயலாது. உடை காலந்தோறும் மாறி வந்திருக்கின்றது, இனியும் மாறும்.

மாறாதது உடம்பு. புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரனார் இதனை எடுத்துக் காட்டுகின்றார். நிலவுலகம் முழுவதையும் பொதுவின்றி ஆளும் வேந்தனாயினும், கல்லாத வேடனாயினும், அவன் வயிற்றுக்கு வேண்டும் உணவும் உடம்புக்கு வேண்டும் ஆடையும் அளவில் வேறுபடா என்றும், ஆதலின் செல்வத்தின் பயன் பிறர்க்குக் கொடுத்தலே என்றும் அவர் கூறுவார். அரசனுக்கும் ஆடை இரண்டு, வேடனுக்கும் இரண்டு. இக்கருத்தை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

உடை செய்யும் வேலைகள் மூன்று. ஒன்று, உடம்பைக் காத்தல். இரண்டு, மானத்தைக் காத்தல். மூன்று, உடுத்தவர் இன்னார் என்று பிறர்க்கு அறிவித்தல். இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, உடம்பைக் காத்தல். நம் பக்கம் கரிசல் மண்ணும் கடும்வெயிலும் உடையது. பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். காற்றுப் பட்டு ஈரம் ஆவியாகும்போது உடம்பு குளிரும். நான்கு முழ வேட்டியில் தையல் இல்லை, பொத்தான் இல்லை, வேண்டுமளவு தழையலாம், வேண்டும்போது மடித்துக் கட்டலாம், தலையில் கட்டினால் வெயிலுக்குக் காப்பு, விரித்தால் படுக்கை. வீட்டில் நாம் உடுக்கும் கைலியும் அத்தகையதே. தென்பாண்டிச் சீமையில் அதனைச் சாரம் என்றும் சொல்லுவர். இவ்வுடைகளை நம் முன்னோர் தேர்ந்துகொண்டதற்கு வெயிலும் பருத்தியும் போதிய காரணங்கள்.

நாம் உடுக்கும் துணியின் பின்னே எத்துணை உழைப்பு உண்டு என்பதனையும் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். நூலுக்கு எண் இடும் கணக்கு நம் ஊர்களில் ஆலைத்தொழிலாளர் இருக்கும் வீடுகளிலெல்லாம் தெரிந்ததே. 840 கெஜம் நீளமுள்ள நூலை ஒரு சிட்டம் என்பர். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டங்கள் நிற்குமோ, அத்தொகையே அந்நூலின் எண். 40ஆம் எண் நூலானால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். 100ஆம் எண் நூலானால் 84,000 கெஜம், அஃதாவது ஏறக்குறைய 48 மைல். கையளவு பஞ்சு இத்தனை தொலைவு நீண்ட பிறகே நயமான வேட்டி ஒன்று தோளில் வந்து விழுகின்றது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936இல் இராசபாளையத்தில் நூற்பாலை தொடங்கிய காலத்திலிருந்து இவ்வூர் மக்களின் சோறு பஞ்சிலும் நூலிலும் இருந்து வந்திருக்கின்றது. சுந்தரபாண்டியத்தில் கைத்தறிகள் உண்டு. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகின்றது. தளவாய்புரத்தில் பெண்டிர் அணியும் நைட்டிகள் தைக்கப்பட்டுப் பல ஊர்களுக்கும் செல்கின்றன.

நைட்டி என்று சொன்னவுடன் பின்வரிசையில் சிலர் நகைக்கின்றனர். நகைப்பது வேண்டா. சென்ற கூட்டங்களில், நம் பெண்டிர் பகலிலும் இவ்வுடையோடு தெருவாசல் வரை வருகின்றனர் என்று குறைகூறியோரும் உளர். அவர்களை ஒன்று கேட்கின்றோம். விடியுமுன் எழுந்து, அடுப்பின் முன் நின்று, தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அத்தையும் மதினியும் ஐந்தரை மீட்டர் சேலையைச் சுற்றிக்கொண்டே இவற்றையெல்லாம் செய்தல் வேண்டுமென்று விதித்தவர் யார்? தளர்ந்த பருத்தி உடை ஒன்று அவர்கட்கு இளைப்பாறுதல் தருகின்றது. வெளியாரைக் கண்டால் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்கின்றனர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தேநீர்க்கடை வரை செல்லும் ஆடவரை இச்சங்கம் ஒருநாளும் கண்டித்ததில்லை. 2018ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்துத் தோக்கலப்பள்ளி என்னும் சிற்றூரில், பகலில் நைட்டி அணியும் பெண்ணுக்கு 2,000 ரூபாய் தண்டம் என்று ஊர்ப்பெரியோர் விதித்தனர். காட்டிக்கொடுப்பவர்க்கு 1,000 ரூபாய் பரிசும் வைத்தனர். நாடெங்கும் செய்தி பரவி அவ்வூர் நகைப்புக்கு இடமாயிற்று. வெயிலுக்கும் வேலைக்கும் ஏற்ற உடையை அறிவுடைய பெண்ணொருத்தி தானே தேர்ந்துகொள்வாள். அதில் சங்கத்துக்கு வேலை இல்லை.

இனி இரண்டாவதாகிய மானம். உடம்பை மூடுதல் எல்லார்க்கும் பொது என்று இன்று நாம் எண்ணுகின்றோம். அஃது எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம், இரணியல் பகுதிகளில், தோளிலே சீலை இடும் உரிமைக்காகப் பெண்டிர் 1822 முதல் 1859 வரை போராட நேர்ந்தது. சந்தைகளில் அவர்தம் மேலாடைகள் கிழிக்கப்பட்டன, வீடுகள் கொளுத்தப்பட்டன. 1859 சூலை 26ஆம் நாள் அரசர் விடுத்த அறிக்கை அவர்கள் மார்பை மூடிக்கொள்ள இசைந்தது. இசைந்தபோதும், மேற்சாதிப் பெண்டிர் உடுக்கும் முறையில் உடுத்தலாகாது என்று ஒரு வரம்பும் கட்டியது. துணியைக் கொடுத்தார்கள், சமத்துவத்தைக் கொடுக்கவில்லை.

அது மலைக்கு அப்பாலுள்ள நாட்டுச் செய்தி என்று நாம் அமைதி கொள்வதற்கில்லை. 1985இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் அமையும் வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாவட்டத்தில் 1930 திசம்பரில் ஆதிதிராவிட மக்கள்மீது வேறொரு வகுப்பார் எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையராக இருந்த ஹட்டன் என்னும் ஆங்கிலேயர், இந்தியச் சாதிகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அவற்றை வரிசையாகக் குறித்திருக்கின்றார். பொன் வெள்ளி நகை அணியலாகாது, ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது, சட்டையும் பனியனும் கூடா, மயிரைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, மண்கலமன்றி வேறு கலம் ஆளலாகாது, பெண்டிர் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கலாகாது, பூவும் மஞ்சளும் கூடா, ஆடவர் குடையும் செருப்பும் கொள்ளலாகாது. எட்டனுள் ஏழு உடையையும் ஒப்பனையையும் பற்றியவை என்பதைக் கவனிமின். ஒருவனைத் தாழ்த்தி வைக்க நினைப்பவன் முதலில் கை வைக்கும் இடம் அவன் உடை. மீறியோர் வீடுகள் எரிக்கப்பட்டன என்றும் அந்நூல் கூறுகின்றது.

கலையில் வல்லாரும் இதற்குத் தப்பவில்லை. நாகசுரம் வாசிப்போர் செல்வர் முன்னிலையில் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் வழக்கம் இருந்தது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை அவர்கள் (1898–1956) குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டும், சட்டையும் நீண்ட அங்கியும் அணிந்தும் மேடையேறியபோது, அதனைச் செருக்கு என்று சொன்னவர் பலர். தம் வித்தைக்கு உரிய மதிப்பைத் தம் உடம்பின்மீதே அவர் எழுதிக் காட்டினார் என்பதே உண்மை.

நாளும் காலையில் நாம் மாட்டிக்கொள்ளும் சட்டைக்குப் பின்னே இத்துணை வரலாறு உண்டு. பொத்தானைப் போடும்போது இதனை நினைத்தல் நன்று. நம் முன்னோருள் இத்தடைகளால் நொந்தவரும் இருக்கலாம். பிறரை நோகச் செய்தவரும் இருக்கலாம். இரண்டினையும் மறைத்துப் பெருமை மட்டும் பேசுவது அறிஞர் அவைக்கு அழகன்று.

பிற்காலத்தில் வேட்டிக்கும் ஒரு வழக்கு வந்தது. 2014 சூலையில் சென்னையில் ஒரு கழகத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி உடுத்துச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றம், வேட்டி உடுத்தமை பற்றி எவரையும் பொது இடங்களில் தடுத்தலாகாது என்று சட்டம் இயற்றிற்று. மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. அச்செய்தியைக் கேட்டு நாமெல்லாம் கொதித்தோம், கொதித்தது முறையே. ஆனால், நீதிபதியின் வேட்டிக்குப் பொங்கிய நாம் நம் வீட்டுக் கைம்பெண்ணின் சேலைக்குப் பொங்கினோமா? கணவனை இழந்தாள் என்பதற்காக அவள் வண்ணத்தையும் பூவையும் பொட்டையும் பறித்து, மங்கல நிகழ்ச்சிகளில் பின்வரிசையில் அமர்த்தும் வீடுகள் இன்னும் உள்ளன. இதுவும் உடையால் ஒருவரை வாசலில் நிறுத்துவதே. அவள் விரும்பி வெள்ளை உடுத்தால் உடுக்கட்டும். நம் கண்ணுக்கு அஞ்சி உடுத்தல் கூடாது.

இவ்விடத்துக் காந்தியடிகளை நினையாதிருத்தல் இயலாது. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் அவர் சட்டையையும் குல்லாயையும் நீண்ட வேட்டியையும் களைந்து அரைத்துணிக்கு மாறினார். கதர் வாங்க எமக்குப் பொருள் ஏது என்று ஏழை மக்கள் கேட்டமைக்கு விடையாக, துணி சிறிதாயினும் கதரே உடுக்கலாம் என்று தம் உடம்பாலேயே காட்டினார். அக்டோபர் 31 வரையிலாவது இவ்வாறு இருப்பது என்று தொடங்கியவர், 1948இல் உயிர் துறக்கும் வரையில் அக்கோலத்தை விடவில்லை. 1931இல் இலண்டன் அரண்மனையில் மன்னரைக் காணச் சென்றபோதும் அதே உடையே. 1927 அக்டோபரில் அவர் இராசபாளையத்துக்கும் வந்தார். அவர்தம் வழி நின்ற இவ்வூர்த் தலைவர் பி. எஸ். குமாரசாமி ராஜா அவர்கள், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தும், தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தார். உடையைப் பறித்துப் பிறரைத் தாழ்த்தினோர் கதையை முன்னே கேட்டோம். தாமே உடையைக் குறைத்துக்கொண்டு பிறரோடு ஒன்றியவர் கதை இது. குறைந்த துணி என்பதில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், முன்னது அடிமைத்தனம்; பின்னது தொண்டு. வேறுபாடு உடுத்தவர் மனத்தில் இருக்கின்றது.

நிற்க. மூன்றாவதாகிய அடையாளத்துக்கு வருவோம். யாம் இன்று பேச வந்ததன் நோக்கம் இதிலேதான் அடங்கியிருக்கின்றது.

உடையால் அடையாளம் கூறுதல் தானே தீதன்று. காக்கி உடுத்தவரைக் கண்டால் முறையிட ஓர் ஆள் உண்டென்று அறிகின்றோம். வெள்ளை உடுத்த செவிலியைக் கண்டால் நோயாளிக்கு ஆறுதல் உண்டாகின்றது. அவ்வுடைகள் உடுத்தவரின் கடமையைக் கூறுகின்றன. காண்பவர்க்கு ஓர் உதவியை அறிவிக்கின்றன. வேறு சில அடையாளங்களோ கடமை எதனையும் கூறுவதில்லை. 'நான் உன்னவன் அல்லேன், விலகி நில்' என்பதொன்றே அவற்றின் பேச்சு. எந்த அடையாளத்தையும் தேர்ந்தறிய ஒரு கேள்வி போதும்: இதனைக் கண்ட அயலானுக்கு நெஞ்சில் தோன்றுவது நம்பிக்கையா, அச்சமா?

இக்கேள்வியோடு நம் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பாருங்கள்.

நம் நாட்டுப் பள்ளிகளில் சீருடை வைத்தது, செல்வன் மகனும் வறியவன் மகனும் ஒரே வண்ணத்தில் ஒரே பலகையில் அமர வேண்டும் என்பதற்காக. அரசுப் பள்ளிகளில் சத்துணவு உண்ணும் பிள்ளைகட்கு ஆண்டுக்கு நான்கு இணை உடைகளை அரசே விலையின்றி வழங்குகின்றது. அத்துணியைக் கூட்டுறவுச் சங்கத்து நெசவாளர் நெய்கின்றனர். மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. இத்துணை பேர் உழைத்து உண்டாக்கிய சமத்துவத்தை அரை விரற்கடை அகலமுள்ள ஒரு வண்ணக் கயிறு கெடுத்துவிடுகின்றது. இன்ன வண்ணம் இன்ன சாதிக்கு உரியது என்று தென்மாவட்டப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புச் சிறுவனும் அறிவான். உணவு வேளையில் ஒரே வண்ணத்தார் ஒரு மரத்தடியில் கூடுகின்றனர். விளையாட்டில் அணி பிரிவதும் அக்கயிற்றின்படியே. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று யாம் காண்பது இது.

இது பிள்ளை விளையாட்டு என்று தள்ளுவதற்கில்லை. 2019இல் பள்ளிக் கல்வித் துறை, வண்ணக் கயிறுகளால் சாதி காட்டும் வழக்கம் எப்பள்ளிகளில் உள்ளது என்று கண்டு தடுக்குமாறு சுற்றறிக்கை விடுத்தது. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே, உடன்பயின்ற மாணவர்களால் அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அக்கொடுமையின் பின் அரசு அமைத்த ஒருநபர்க் குழுவின் தலைவராகிய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்கள் 2024 சூனில் அறிக்கை அளித்தார். வண்ணக் கயிறு, மோதிரம், சாதி காட்டும் நெற்றிக்குறி ஆகியவற்றை மாணவர் அணிதல் கூடாது என்றும், சாதி வண்ணம் தீட்டிய மிதிவண்டிகளும் ஆகா என்றும் அவ்வறிக்கை பரிந்துரைத்தது. வெட்டினவரும் சிறுவர், வெட்டுண்டவரும் சிறுவர். இரு திறத்தார் தாயரும் அன்று காலையில் தம் மக்களுக்குச் சீருடை மடித்துக் கொடுத்தவர்களே.

நம்மவருள் சிலர் மறுத்துக் கூறுவனவற்றை யாம் அறியாமல் இல்லை. 'அது கோயிலில் கட்டிய கயிறு' என்பர். கோயிற்கயிறு ஒன்று உண்டு, வேண்டுதலுக்குக் கட்டுவது. அதனைக் கட்டிய பிள்ளை யாருடனும் சேர்ந்து உண்பான். கயிற்றைப் பார்த்து நட்பைத் தேர்ந்தால் அது சாமி கயிறு ஆகாது. இவ்வேறுபாடு கட்டியவனுக்கும் தெரியும், கட்டிவிட்டவனுக்கும் தெரியும். 'பிற சாதிப் பிள்ளைகள் கட்டும்போது நம் பிள்ளை வெறுங்கையோடு சென்றால் தனியனாவானே' என்பர். இவ்வச்சம் தாய் தந்தையர்க்கு உண்மையாகவே இருக்கின்றது; யாம் எள்ளவில்லை. ஆனால் எல்லா வீட்டாரும் இவ்வாறே அஞ்சிக் கட்டுவதனாலன்றோ எல்லார் கையிலும் கயிறு இருக்கின்றது? யாரேனும் ஒருவர் முதலில் அவிழ்த்தல் வேண்டும். அம்முதன்மை நமக்குக் கிடைக்குமாயின் அதனினும் பெரிய குலப்பெருமை வேறு யாது?

'ஆசிரியர்களே அறுத்தெறியலாமே' என்பாரும் உளர். பள்ளி வாயிலில் அறுத்த கயிறு மாலையில் பேருந்து நிலையத்தில் மீண்டும் கட்டப்படுகின்றது. கத்தரிக்கோலால் அறுத்தால் சினமே மிஞ்சும். கட்டிய கை அவிழ்த்தால்தான் அது மீண்டும் ஏறாது. கட்டிய கை பெரும்பாலும் வீட்டிலோ, தெருவிலோ, நம் சங்கம் போன்ற அமைப்புகளின் விழாக்களிலோ இருக்கின்றது. நம் இளைஞர் அணியினர்க்கு ஆண்டுதோறும் நாம் வழங்கும் ஒரே வண்ணப் பனியனையும், இருசக்கர வண்டிகளில் ஒட்டக் கொடுக்கும் வண்ணப் பட்டைகளையும் நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் பட்டை ஒட்டிக்கொண்டு சிறுவரைக் கயிறு கட்டாதே என்றால் எவன் கேட்பான்?

உடையின் அடையாளம் சாதிக்கு இடையில் மட்டுமன்றி, நமக்குள்ளேயே உறவைப் பிரிப்பதும் உண்டு. திருமண அழைப்பிதழ் வந்தும், உடுத்துச் செல்லத் தக்க பட்டு இல்லையென்று வாராதிருந்துவிடும் மதினிமார் நம்மில் உளர். கடன் வாங்கிப் பட்டு எடுத்து, அக்கடனை ஆண்டு முழுவதும் அடைப்போரும் உளர். சங்க விழாக்களிலேனும் கைத்தறிப் பருத்தி போதும் என்று நாம் வைத்துக்கொண்டால், வறியவர் கூசாமல் வருவர். பக்கத்து ஊர்த் தறியும் ஓடும்.

இவ்வளவும் கூறியபின் நாம் கூடியிருக்கும் ஊரை நினைக்கின்றோம். இவ்வூரில் வாழ்ந்த பெரியாழ்வார், இறைவன் உடுத்த ஆடையைப் பின் தாம் உடுத்துக்கொள்வதே அடியவர் பெறும் பேறு என்ற கருத்தைத் திருப்பல்லாண்டில் பாடினார். அவர் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த மகள், இறைவனுக்கென்று தொடுத்த மாலையைத் தான் முன்னர்ச் சூடிப் பார்த்துப் பின்னர் அனுப்பினாள். ஒருவர் சூடியதை மற்றொருவர்க்கு இடுதல் குற்றம் என்று தந்தை அஞ்சினார். இறைவனோ அவள் சூடியதே வேண்டும் என்றான் என்பது வரலாறு. இன்றும் புரட்டாசியில் ஆண்டாள் சூடிய மாலை கருட சேவைக்காகத் திருமலைக்குச் செல்கின்றது. சித்திரையில் அழகர்க்காக மதுரை செல்கின்றது. ஒருவர் உடம்பில் பட்டது மற்றொருவர்க்குத் தீட்டு என்னும் எண்ணத்துக்கு இவ்வூர்க் கோயிலே நூற்றாண்டுகளாக மறுமொழி கூறி வருகின்றது. அணிந்தது அன்பைக் கொண்டு சென்றால் அது மாலை; பகையைக் கொண்டு சென்றால், எவ்வளவு அழகிய வண்ணமாயினும், அது விலங்கு.

சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் கட்டுத்துணியையும் நினைமின். வெளுத்து மடித்த அத்துணி மருத்துவமனைக்குப் போகின்றது. நாங்குநேரியில் வெட்டுண்டவர்க்கும், நாளை வேறோர் ஊரில் வெட்டுண்பவர்க்கும் கட்டப்படுவது அத்தகைய துணியே. அதற்கு ஒரே வண்ணம். நம் பக்கத்து நெசவாளர் அதனை எவருக்கென்று கேட்டு நெய்வதில்லை. நம் பிள்ளைகளின் கையில் வண்ணக் கயிறு இல்லாவிடின் அக்கட்டுத்துணிக்கும் தேவை குறையும்.

ஆகவே இவ்வவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். இன்றிரவு வீடு திரும்பியதும், பெற்றோர் தம் மக்களைப் பக்கத்தில் அமர்த்தி, காரணம் கூறி, சினமின்றி, அக்கயிற்றைத் தம் கையாலேயே அவிழ்த்தல் வேண்டும். சங்கம் இவ்வாண்டு முதல் வண்ணப் பனியனும் பட்டையும் வழங்குவதை நிறுத்தி, அப்பணத்தை வறிய மாணவர் புத்தகச் செலவுக்கு ஒதுக்குவதென்று தீர்மானித்தல் வேண்டும். சங்க விழாக்களுக்கு எளிய பருத்தி உடையே உரியது என்று அறிவித்தல் வேண்டும். மூன்றனுள் பின்னைய இரண்டையும் நிர்வாகிகள் ஆராய்ந்து செய்யலாம். முதலாவதற்கு எந்தத் தீர்மானமும் வேண்டுவதில்லை.